டிரினிடாடை இங்கிலாந்தாக்கக் கிளம்பிய வக்கீல்

1797 பிப்ரவரியில் ஆங்கிலேயர்கள் கரீபியக் கடலிலுள்ள டிரினிடாட் தீவைப் பிடித்தார்கள். சண்டை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்கவில்லை. எதிரி வந்து நம் கப்பல்களைக் கொளுத்துவானே, அந்தச் சிரமத்தை அவனுக்கு எதற்குக் கொடுப்பது என்று ஸ்பானியக் கடற்படைத் தலைவர் அப்போடாக்கா தன் கப்பல்களுக்குத் தானே தீ வைத்துவிட்டார். ஆளுநர் சக்கோன் சாவிக்கொத்தை நீட்டாத குறையாகத் தீவை ஒப்படைத்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் ஆங்கிலேயர்களுக்குத் தலை சுற்றியது.

தீவை ஆண்டது ஸ்பெயின். ஆனால் ஸ்பானியர்கள் அங்கே சொற்பம். ஆள் பஞ்சம் தாங்காமல் 1783இல் ஸ்பெயின் அரசர் ஓர் ஆணை போட்டிருந்தார்: கத்தோலிக்கராக இருந்தால் போதும், வந்து குடியேறுங்கள், நிலம் சும்மா தருகிறோம். சும்மா என்ற சொல் காதில் விழுந்ததும் பக்கத்துத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் அடிமைகளோடு வந்து குவிந்துவிட்டார்கள். ஆக, சட்டப் புத்தகம் ஸ்பானியம். கரும்புத் தோட்டமும் விருந்து மேசையும் பிரெஞ்சு. தெருவிலும் அடுப்படியிலும் பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த பட்வா. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கத்தோலிக்கம். இங்கிலாந்துக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு கொடியும் ஓர் ஆளுநரும் இருந்தார்கள்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு இப்படியே ஓடியது. 1844இல் சார்லஸ் வில்லியம் வார்னர் என்ற வக்கீல் தீவின் அட்டர்னி ஜெனரல் ஆனார்.

சாதாரண வீட்டுப் பிள்ளையில்லை. 1620களில் செயின்ட் கிட்ஸ் தீவில் இறங்கி, கரீபியனில் இங்கிலாந்துக்காக முதன்முதலில் துண்டு போட்டு இடம் பிடித்த தாமஸ் வார்னரின் பரம்பரை. அந்தப் பரம்பரையில் வந்தவருக்கு, ஆங்கிலக் கொடியின் கீழே மக்கள் பட்வாவில் பேசுவதும் பிரெஞ்சில் காதலிப்பதும் ஸ்பானியச் சட்டப்படி சொத்தைப் பிரித்துக்கொள்வதும் சகிக்கவில்லை. டிரினிடாடை இங்கிலாந்தாக்கியே தீருவது என்று முடிவு கட்டினார்.

அதற்கு வசதியான நாற்காலி அது. பழைய ஆங்கிலத் தீவுகளுக்கெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை உண்டு. டிரினிடாடுக்கு லண்டன் அதைத் தரவில்லை. தேர்தல் வைத்தால் ஜெயிக்கப்போவது யார் என்று லண்டனுக்குத் தெரியும். ஆகவே ஆளுநர் கைகாட்டும் கனவான்கள் உட்காரும் நியமன சபைதான். அங்கே சட்டத்தை எழுதத் தெரிந்தவனே ராஜா. வார்னருக்கு எழுதத் தெரியும், பேசவும் தெரியும், முக்கியமாக, எழுந்து போகத் தெரியாது. 26 வருஷம் அந்த நாற்காலியிலேயே இருந்தார். அதற்குள் ஆறு ஆளுநர்கள் வந்தார்கள். ஒருவர், சீனாவிடமிருந்து ஹாங்காங்கை வாங்கிக் கொடுத்து, இந்த மொட்டைப் பாறை எதற்கு என்று லண்டனில் திட்டு வாங்கிய சார்லஸ் எலியட். இன்னொருவர், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்திய ஜெனரல் ஹாரிஸின் பேரன், மூன்றாம் ஹாரிஸ் பிரபு. இவர் 1854இல் டிரினிடாடை முடித்துக்கொண்டு நேராகச் சென்னைக்கு ஆளுநராக வந்தார். ஆளுநர்களுக்குத் தீவின் வெயில் பழகுவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிடும். வெயில் பழகிய ஆள் வார்னர் ஒருவர்தான். ஆட்சி யாருடையது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வந்த வருஷமே முதல் வெடி. 1844ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம்: டிரினிடாடின் அதிகாரபூர்வ மதம் இனி ஆங்கிலிக்கன் சபை. தீவு முழுவதையும் பங்குகளாகப் பிரித்து, பாதிரியார்கள் போட்டு, பொதுப்பணத்தில் சம்பளம். மக்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்கள் என்ற சின்ன விவரம் சட்டத்தில் எங்கும் குறுக்கே வரவில்லை. ஆடே இல்லாத ஊரில் மேய்ப்பனுக்கு மாதச் சம்பளம். ஆடுகள் வேறு கொட்டிலில் நின்றபடி அந்தச் சம்பளத்துக்கு வரி கட்டின.

கத்தோலிக்க ஆயர் விவகாரம் இன்னும் ருசியானது. 1850களில் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குப் பேராயராக வந்தவர் ஸ்பாக்காபியேத்ரா என்ற இத்தாலியர். பிரிட்டிஷ் பிரஜையாக இல்லாதவருக்கு அரசுப் படி கிடையாது என்று அரசாங்கம் முறுக்கிக்கொண்டது. அவர் மூட்டை கட்டினார். ரோம் யோசித்து அடுத்து அனுப்பிய பேராயரின் பெயர் ஃபெர்டினாண்ட் இங்கிலீஷ். நான் ஜோடிக்கவில்லை, அவர் குடும்பப் பெயரே அதுதான். இதைவிட ஆங்கிலமாக ஒரு பேராயரைத் தர ரோமால் முடியாது. பாவம், இரண்டே வருஷத்தில் 1862இல் இறந்துபோனார். அடுத்து வந்தவர் கோனின், அசல் பிரெஞ்சுக்காரர். அவர் 1889 வரை அசையவில்லை. வார்னருக்கே ஈடுகொடுத்த நாற்காலிப் பிடி.

அடுத்தது பள்ளிக்கூடம். 1851இல் ஹாரிஸ் பிரபு வார்டுதோறும் அரசுப் பள்ளிகள் திறந்தார். பாடம் ஆங்கிலத்தில், மதபோதனைக்கு இடமில்லை. வார்னருக்குத் தேன் குடித்தது போல. பிள்ளைகளைப் பிடித்துப் பத்து வருஷம் ஆங்கிலத்தில் ஊறவைத்தால் பட்வா தானாகச் செத்துவிடும் என்பது கணக்கு. 1859இல் மேல்தட்டுப் பிள்ளைகளுக்காக ராணி பெயரில் ஒரு கல்லூரிப் பள்ளியும் வந்தது. கத்தோலிக்கர்கள் சும்மா இருப்பார்களா? 1863இல் பிரெஞ்சுப் பாதிரியார்களை வைத்துப் போட்டிக் கல்லூரி தொடங்கினார்கள். வார்டுப் பள்ளிகளோ தேய்ந்தன. ஆனாலும் அவற்றை முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது. அந்த அமைப்பில் படித்து, அதிலேயே ஆசிரியரான ஜான் ஜேக்கப் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் 1869இல் ஓர் அருமையான இலக்கண நூலை வெளியிட்டார். ஆங்கிலத்தில்தான் எழுதினார். இலக்கணம் மட்டும் பட்வாவுக்கு!

சட்டம் எழுதுகிற கை சில சமயம் ரொம்ப நீளும். 1849இல் ஒரு சிறை விதி கொண்டுவந்தார்கள். கடனுக்காகச் சிறைக்குப் போகிறவனுக்கும் திருடனைப் போலவே தலைமுடியை ஒட்ட வெட்டிவிட வேண்டுமாம். ஊரில் கடன் இல்லாதவன் யார்? அக்டோபர் 1ஆம் தேதி போர்ட் ஆஃப் ஸ்பெயின் அரசு அலுவலகத்தின் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே சபை நடக்கிறது, வெளியே ஜனம் கத்துகிறது. அரசாங்கம் பயந்து விதியைத் தளர்த்திக்கொண்டது. ஆனால் கல் பறக்கத் தொடங்கியிருந்தது, பட்டாளம் சுட்டது, சில உயிர்கள் போயின. முடிவெட்டும் விஷயத்துக்காக.

கரும்புத் தோட்ட முதலாளிகள் விஷயத்தில் மட்டும் வார்னரின் ஆங்கில வெறி அடங்கி ஒடுங்கிவிடும். 1838இல் அடிமைமுறை முழுதாக ஒழிந்ததும், விடுதலையான மக்கள் தோட்டங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளிகளுக்குக் கைகள் வேண்டும், அதுவும் மலிவாக. 1845 மே 30 அன்று ஃபத்தல் ரசாக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து இருநூற்றுச் சொச்சம் பேரோடு வந்து நின்றது. தொடர்ந்து சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. நம் ஆட்களும் போனார்கள். 1917 வரை போனவர்கள் மொத்தம் 1,40,000க்கும் மேல். ஒரு தீவை இங்கிலாந்தாக்கச் சபதம் எடுத்தவர், போஜ்புரியும் தமிழும் பேசுகிற, பிள்ளையாரையும் அல்லாவையும் கும்பிடுகிற மக்களைக் கப்பல் கப்பலாக இறக்குவதற்குச் சட்டத்தில் வழி செய்துகொண்டிருந்தார். செலவில் ஒரு பங்கு பொதுக் கஜானாவிலிருந்து போனது. அதாவது, விடுதலையான அடிமை கட்டிய வரியில், அவன் கூலியைக் குறைப்பதற்கு ஆள் வந்தது. வந்தவனும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே காலை வைத்தால் சிறை. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வார்னரின் சட்டப்பணியில் நீண்ட காலம் உயிரோடிருந்த பகுதிகளில் இதுவும் ஒன்று.

1866இல் ஆர்தர் கார்டன் ஆளுநராக வந்தார். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த அபர்டீன் பிரபுவின் கடைக்குட்டி. பின்னாளில் 1883 முதல் 1890 வரை இலங்கைக்கும் ஆளுநர். அட்டர்னி ஜெனரல் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதற்காகக் கடல் கடந்து வந்த ஆளில்லை அவர். அயர்லாந்திலிருந்து கீனன் என்ற கல்வி ஆய்வாளரை வரவழைத்தார். அவர் 1869இல் வார்டுப் பள்ளிகளைத் துவைத்துக் காயப்போட்டு அறிக்கை கொடுத்தார். மதப் பள்ளிகளுக்கும் அரசு உதவி என்றார் கார்டன். ஆங்கிலிக்கன் சபையின் ராஜமரியாதையை 1870இல் எடுத்தார். சாதாரணக் குடியானவனும் அரசு நிலம் வாங்கலாம் என்று வழி திறந்தார். 26 வருஷ நெசவை நான்கே வருஷத்தில் நூல் நூலாகப் பிரித்துவிட்டார்.

கொள்கைக்காக வார்னர் கோபித்துக்கொண்டு விலகியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. பண விவகாரம் ஒன்றில் மாட்டிக்கொண்டு 1870இல் பதவியைப் பறிகொடுத்தார். தீவுக்கே ஒழுக்கம் கற்பிக்கச் சட்டம் எழுதியவருக்கு, கடைசியில் கணக்கு உதைத்தது.

வீட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யம். இவ்வளவு ஆங்கில வைராக்கியம் பேசியவர், வீட்டில் ரோசா காடிஸ் என்ற ஸ்பானிய வம்சத்துப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். ஸ்பானியச் சட்டத்தைத்தான் விரட்ட வேண்டும், ஸ்பானியப் பெண்ணை என்ன செய்ய முடியும்? மொத்தம் 21 பிள்ளைகள். கடைசிப் பையன் பெல்ஹாம் பிறந்தது 1873இல், அப்பாவுக்கு அறுபத்தேழு முடியும்போது. பதவி போனதும் மனிதர் ஒரேயடியாக ஓய்ந்துவிடவில்லை என்று தெரிகிறது.

அந்தக் கடைக்குட்டி, போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருந்த வீட்டின் பளிங்குத் தாழ்வாரத்தில் கிரிக்கெட் பழகினான். பந்து போட்டவன் கிலிப்ரீ என்ற கறுப்பினச் சிறுவன். ரீங்காரச்சிட்டுக்குப் பட்வாவில் அதுதான் பெயர். வார்னர் ஒழித்துக்கட்ட நினைத்த மொழி, அவர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே அவர் பிள்ளைக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தது.

1887இல் அப்பா இறந்தார். பையனை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள். ரக்பி பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, லார்ட்ஸ் மைதானம். 1903–04இல் இங்கிலாந்து அணியின் கேப்டனாக ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆஷஸை மீட்டுவந்த ‘பிளம்’ வார்னர் இவர்தான். ஆட்டக்காரர்களின் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசிய 1932–33 பாடிலைன் தொடரில் இங்கிலாந்து அணிக்கு மேலாளராகப் போய், அடிலெய்டில் அடிபட்டுக் கிடந்த ஆஸ்திரேலியக் கேப்டன் வுட்ஃபுல்லை நலம் விசாரிக்கப்போய், களத்தில் ஒரே ஓர் அணிதான் கிரிக்கெட் ஆடுகிறது என்று செவிட்டில் அறைந்தாற்போல் பதில் வாங்கி வந்தவரும் இவரே. ஹாரிஸ் பிரபுவுக்கு 1851இல் டிரினிடாடில் பிறந்த மகனும் பின்னாளில் இங்கிலாந்து கேப்டன் ஆனார். தீவை இங்கிலாந்தாக்க முடியவில்லை; இங்கிலாந்துக்கு வேண்டிய கேப்டன்களைத் தீவு சப்ளை செய்தது.

பிளமின் அண்ணன் ஆச்சர் வார்னர் 1900இல் இங்கிலாந்துக்குப் போன முதல் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்குத் தலைவர். அந்த அணியில் கறுப்பின ஆட்டக்காரர்களும் உண்டு. லார்ட்ஸில் எம்.சி.சி.க்கு எதிராகச் சதம் அடித்தவர் டிரினிடாட்காரர் லெப்ரன் கான்ஸ்டன்டைன். ஆச்சர் பிற்பாடு டிரினிடாடுக்கு அட்டர்னி ஜெனரலும் ஆனார்: அப்பா கணக்கு உதைத்து எழுந்துபோன அதே பதவி.

அப்படியானால் வார்னர் தோற்றார் என்று எழுதிவிட்டுப் போய்விடலாமா? முடியாது. இன்றைக்கு டிரினிடாடில் ஊர்ப் பெயர்கள்தாம் சான் ஃபெர்னாண்டோ, பிளான்ஷிசூஸ் என்று ஸ்பானியமும் பிரெஞ்சுமாக நிற்கின்றன. கார்னிவல் கொட்டம் அடிக்கிறது. கூடவே தீபாவளியும் அரசு விடுமுறை. ஆனால் பேச்சு ஆங்கிலம். பட்வா பேசுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீதிமன்றத்தில் ஆங்கிலேயச் சட்டம். 1962இல் சுதந்திரம் வாங்கினார்கள், 1976இல் ராணியையும் விலக்கிவிட்டுக் குடியரசானார்கள். 2005இல் கரீபிய நாடுகளுக்கென்றே ஒரு கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம் தொடங்கியபோது, அதற்குத் தலைமையிடம் கொடுத்ததும் போர்ட் ஆஃப் ஸ்பெயின்தான். பார்படோஸும் கயானாவும் தங்கள் வழக்குகளை அங்கே கொண்டுவருகின்றன. டிரினிடாட்காரர்களோ கடைசி மேல்முறையீட்டுக்கு இன்னமும் லண்டனில் இருக்கும் பிரிவி கவுன்சிலுக்கே போகிறார்கள்.