அரைப்பேர் ஆட்டம்

எங்கள் ஊவா மாகாணத்து மடுல்சீமைக் கிரிக்கெட்டில் ஒரு விதி உண்டு. எம்.சி.சி.யின் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. பந்து தேயிலைக்குள் போனால் நாலு. பள்ளத்துக்குள் போனால் அவுட். அவுட்டானவன் மட்டையை வைத்துவிட்டு நேரே பள்ளத்தில் இறங்கிப் பந்தைத் தேடி வரவேண்டும். கிடைக்காவிட்டால் அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. எங்களுக்குச் சமதரை என்று இருந்தது, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் ஒன்றுதான். அதன் விளிம்பில் நின்று ஓங்கி அடித்தால் பந்து பிபிலையில் போய் விழும் என்று சின்ன வயதில் நம்பினோம். இப்போது கொழும்பிலிருந்து கூடாரத்தோடு வருகிறவர்கள் இங்கே ‘சின்ன உலக முடிவு’ விளிம்பில் பயந்து பயந்து செல்பி எடுக்கிறார்கள். நாங்கள் அந்த மாதிரி விளிம்பில்தான் பீல்டிங் நின்றோம்.

மட்டை சவுக்குக் கட்டை, கவ்வாத்துக் கத்தியால் செதுக்கியது. விக்கெட் மூன்று தேயிலை வாது. பந்து, டேப் சுற்றிய டெனிஸ் பந்து. இந்தத் தகுதியோடுதான் உலகக் கிரிக்கெட்டின் எதிர்காலம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். துபாயில் ஐ.சி.சி. தலைமையகத்தில் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கிரிக்கெட் தெரிந்திருக்கலாம். எனக்குத் தோட்டம் தெரியும். உலகக் கிரிக்கெட் இப்போது தோட்டமாகத்தான் நடக்கிறது.

தோட்டம் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்து எடுப்பவள் ஒருத்தி. நிறுப்பவர் வேறொருவர். விலை சொல்வது கொழும்பு ஏலத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ. நாள் முழுக்க மழையில், அட்டைக்கடியில் நின்றவளுக்கு, சொன்ன கிலோ குறைந்தால் செக்றோல் என்ற வேலைப் பதிவில் அரைப்பேர். அதாவது அன்று அவள் பாதி ஆள். நிறுக்கும்போது ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழிப்பார்கள். வெயில் காலத்திலும் ஈரத்துக்குக் கழிப்பதுதான் தோட்டத்து விஞ்ஞானம்.

இனி ஐ.சி.சி.யின் செக்றோலைப் பாருங்கள். 2024 முதல் 2027 வரை ஆண்டுக்குச் சுமார் 600 மில்லியன் டொலரைப் பிரிக்கும் கணக்கு இது. இந்தியாவுக்கு 38.5 சதவீதம். இங்கிலாந்துக்கு 6.89. அவுஸ்திரேலியாவுக்கு 6.25. இலங்கைக்கு 4.52. இணை உறுப்பு நாடுகள் என்று தொண்ணூற்றுச் சொச்சம் நாடுகள் இருக்கின்றன. நேபாளம், நமீபியா, ஸ்கொட்லாந்து எல்லாம் அதில் அடக்கம். அத்தனைக்கும் சேர்த்து 11.19. தொண்ணூறு நாடுகளுக்கும் ஒரே சட்டியில் கஞ்சி.

இதை அம்மாவிடம் சொன்னேன். நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவர். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“கொழுந்து கூட எடுக்கிறவளுக்கு கைக்காசு கூடத்தான் வரும். அது நியாயந்தான தம்பி?”

நியாயம்தான். இந்திய வாரியம் சொல்வதும் அதே வாதம்தான். பார்க்கிறவன் இந்தியன், விளம்பரம் கொடுக்கிறவன் இந்தியன், ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டுமே ஐந்து ஆண்டுக்கு 48,390 கோடி இந்திய ரூபாய்க்குப் போனது. கொண்டு வருகிறவன் கூடக் கேட்கிறான். அம்மா விடவில்லை.

“தராசு யாரு கையில இருக்கு?”

சொன்னேன். 2024 டிசம்பர் 1 முதல் ஐ.சி.சி.யின் தலைவர் ஜெய் ஷா. அதற்கு முன் இந்திய வாரியத்தின் செயலாளர். அப்பா இந்தியாவின் உள்துறை அமைச்சர். தேர்தலில் எதிர்த்து ஒரு ஆள் நிற்கவில்லை.

“கொழுந்து எடுக்கிறவளே தராசையும் புடிச்சா அப்புறம் கணக்கு என்னாத்துக்கு” என்று அம்மா எழுந்து போய்விட்டார். கணக்கு எதற்கென்றால், அம்மா, மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு.

இதில் இந்தியாவை மட்டும் திட்டினால் பாவம். தராசை முதலில் பிடித்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்தானே. இந்த விளையாட்டை மலையகத்துக்குக் கொண்டு வந்தவர்களும் அவர்கள். றதல்ல மைதானத்தில் அவர்கள் வெள்ளைக் காற்சட்டையில் ஆடியபோது எங்கள் ஆட்கள் புல் வெட்டினார்கள். 2014இல் இந்தியா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா மூன்றும் கூடி ‘பெரிய மூன்று’ என்று வருமானத்தைத் தமக்குள் பிரித்தபோது லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் வலிக்கவில்லை. இன்று பெரிய துரை பங்களாவில் ஆள் மாறிவிட்டார், தாங்கள் சின்னத் துரையாகிவிட்டோம் என்பதுதான் அவர்கள் கவலை. லயத்தில் இருக்கும் கூலிக்காரனுக்கு இதில் என்ன துக்கம்?

உலகக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் என்று பெயர். 2007இல் 16 அணிகள் ஆடின. அந்த முறை பங்களாதேஷ் இந்தியாவையும், அயர்லாந்து பாகிஸ்தானையும் தோற்கடித்து முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பின. விளையாட்டில் இதைவிடப் பெரிய சந்தோசம் இல்லை. தொலைக்காட்சிக்காரர்களுக்கோ எழவு வீடு. பிறகு என்ன நடந்தது? அடுத்த இரண்டு உலகக் கிண்ணங்களில் 14 அணிகள். 2019இலும் 2023இலும் வெறும் பத்து. உலகம் சுருங்கிய விளையாட்டு இது. இப்போது 2027இல் மறுபடி 14 என்கிறார்கள். பறித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சலுகை என்று பெயர் வைப்பதும் தோட்டத்தில் பார்த்த வித்தைதான்.

டெஸ்ட் போட்டிக்கு நடப்பது கவ்வாத்து. கவ்வாத்து நல்ல வேலை. உரிய காலத்தில் அளவாக வெட்டினால் தேயிலை துளிர்க்கும். வேரோடு வெட்டினால் அதற்குப் பெயர் விறகு. இந்தியாவும் இங்கிலாந்தும் மோதினால் ஐந்து டெஸ்ட். எங்களோடு என்றால் இரண்டு. 2025ஆம் ஆண்டு முழுக்க இலங்கை ஆடியது நாலே நாலு டெஸ்ட். அவுஸ்திரேலியாவோடு இரண்டு, பங்களாதேஷோடு இரண்டு, ஜூன் மாதத்தோடு கடை மூடியாயிற்று. ஆறு மாதம் சும்மா இருந்த பையனைக் கூப்பிட்டு ஐந்து நாள் நின்று ஆடு என்றால் எப்படி ஆடுவான்? ஆடாவிட்டால், பார்த்தீர்களா, இவர்களுக்கு டெஸ்ட் ஆடத் தெரியவில்லை, இரண்டாம் அடுக்கில் போடுவோம் என்கிறார்கள். வேலை கொடுக்காமல் அரைப்பேர் போடுவது. இரண்டு அடுக்கு யோசனை 2016இல் ஒரு முறை கைவிடப்பட்டது. அதற்கப்புறமும் பாதி எரிந்த கொள்ளிக்கட்டை மாதிரி அடிக்கடி புகைகிறது.

டெஸ்ட் அந்தஸ்து இலங்கைக்கு 1981இல் கிடைத்தது. நாடே பட்டாசு கொளுத்தியது. அந்த நாட்டில் அப்போது எங்கள் லயங்களில் இருந்த எத்தனையோ பேருக்கு மனித அந்தஸ்தே இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாகி, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா பக்கமா இலங்கை பக்கமா என்று பிரிக்கப்பட்டு, யார் கணக்கிலும் சேராமல் கிடந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கெல்லாம் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஆகவே அந்தஸ்துக்காகக் காத்திருக்கும் நேபாளத்துக்காரனைப் பார்த்தால் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அப்படி இருந்தும் கிரிக்கெட்டை ஏன் பார்த்தோம் என்றால், 1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதி. ஞாயிற்றுக்கிழமை. லயத்தில் அப்போது கரண்ட் இல்லை. பசறையில் சார்ஜ் போட்ட கார் பெற்றரியை இரண்டு பேர் தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள். கறுப்பு வெள்ளை டீவி, ஒரே காம்பராவில் முப்பது பேர், ஜன்னலுக்கு வெளியே இன்னும் பத்துத் தலை. லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. பெற்றரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வந்தது. தபால் தலை அளவுக்கு வந்த நேரத்தில்தான் அர்ஜுன ரணதுங்க மெக்ராவின் பந்தைத் தேர்ட் மேன் பக்கம் தட்டிவிட்டார். ஜெயித்தது தெரிந்தது. எப்படி என்று மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொண்டோம்.

அந்தத் தொடரில் கொழும்புக்கு வரமாட்டோம் என்று அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தபோது, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்பில் வந்து ஆடின. ஸ்கோர் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது: களுவிதாரண, பிடி டெண்டுல்கர், பந்து வசிம் அக்ரம். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். 2025 ஆசியக் கிண்ணத்தில் அதே இரண்டு நாடுகளும் மூன்று முறை மோதின, ஒரு முறைகூடக் கை குலுக்கவில்லை. ஜெயித்த இந்தியா கிண்ணத்தைப் பாகிஸ்தான்காரர் கையால் வாங்கமாட்டோம் என்றது. கொடுக்க வந்தவர் கொடுக்காமலே போனார், கிண்ணமும் கூடவே போனது. இவ்வளவு பகையா, சரி, தனித்தனிப் பிரிவில் போடுங்கள் என்றால் மாட்டார்கள். ஒவ்வொரு தொடரிலும் ஒரே பிரிவில் வந்து விழுவார்கள். கை குலுக்கினால் தேசத்துரோகம், விளம்பரக் காசு வாங்கினால் தேசபக்தி.

இதில் எங்கள் நாட்டுக்குக் கிடைத்த வேடம் கல்யாண மண்டபம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகமாட்டார்கள் என்பதால் நடுநிலை மைதானம் என்று கொழும்பைப் பிடித்தார்கள். 2025 மகளிர் உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தானின் ஆட்டமெல்லாம் கொழும்பில். ஒக்டோபரில் கொழும்பில் மழை பெய்யும் என்பது எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். ஐ.சி.சி.க்குத் தெரியவில்லை. ஆட்டம் ஆட்டமாகக் கழுவிக்கொண்டு போயிற்று.

எங்கள் ஊர்க் கங்காணியான கிரிக்கெட் சபையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. 2023 நவம்பர் 2ஆம் திகதி வான்கடேயில் இந்தியாவிடம் 55க்குச் சுருண்டோம். அதற்கு ஆறு வாரம் முன்பு ஆசியக் கிண்ண இறுதியில் 50. அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார், நீதிமன்றம் கலைப்பை நிறுத்தியது, பாராளுமன்றம் அரசும் எதிரணியுமாக ஒரே குரலில் சபையைப் போகச் சொன்னது. எங்கள் சம்பளத்துக்கும் காணிக்கும் ஒரே குரல் எழுப்பாத அந்தப் பாராளுமன்றத்தில்தான். மறுநாள் ஐ.சி.சி. இலங்கையை இடைநிறுத்தியது. கடைசியில் வேலை போனது யாருக்கு? அமைச்சருக்கு. சபை அப்படியே இருந்தது.

இடையில் இன்னொரு கூத்து. ஜெய் ஷாதான் எங்கள் கிரிக்கெட்டை ஆட்டுவிக்கிறார் என்று ரணதுங்க சொல்லிவிட்டார். உடனே இலங்கைப் பாராளுமன்றத்தில் எழுந்து ஜெய் ஷாவுக்கு வருத்தம் தெரிவித்தார்கள் இரண்டு அமைச்சர்கள். ஒருவர் காஞ்சன விஜேசேகர. மற்றவர் எங்கள் ஊவாவின் முன்னாள் முதலமைச்சர் ஹரின் பெர்னாண்டோ. ஆட்டுவிக்கவில்லை என்று நிரூபிக்க ஆடிக் காட்டினார்கள். எங்கள் தாத்தா, பாட்டிமாரின் வாக்குரிமையைப் பறித்ததும் அதே பாராளுமன்றம்தான். அதற்கு இந்த வேகத்தில் யாரும் எழுந்து நின்றதில்லை.

முரளிதரன் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், 800 விக்கெட். அவருடைய தாத்தா எங்கள் தாத்தாக்களைப் போலத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர். மெல்பேர்னில் டரல் ஹெயர் நோபோல் நோபோல் என்று கை நீட்டியபோது எங்கள் லயத்துக் கிழவிகள் அந்த நடுவருக்கு விட்ட சாபம் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் முரளியின் அப்பாவுக்கு பிஸ்கட் கம்பனி இருந்தது, கண்டியில் பெரிய பள்ளிக்கூடம், தோல் பந்து, பயிற்றுநர் இருந்தார். எங்கள் பையனுக்கு? அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024இல்தான். ஒரு நல்ல இங்கிலிஷ் வில்லோ மட்டைக்கு அம்மாவின் ஒரு மாதக் கூலி போதாது. பிறகு திறமை இருந்தால் எங்கிருந்தும் வரலாம் என்கிறார்கள். வரலாம், பஸ் இருந்தால்.

ஊவாவுக்கும் ஒரு அணி இருந்தது, தெரியுமா? 2012இல் இலங்கை பிரிமியர் லீக் என்று ஒன்று நடத்தினார்கள். மாகாணத்துக்கு ஒரு பெயர். எங்களுக்குக் கிடைத்தது ‘ஊவா நெக்ஸ்ட்’. அணி கம்பனிக்காரர்களுடையது, ஆட்டமெல்லாம் கொழும்பிலும் பல்லேகலையிலும். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தை அவர்கள் எட்டியும் பார்க்கவில்லை. ஆனால் கிண்ணம் வென்றார்கள்! ஆகஸ்ட் கடைசி நாள் இரவு, பிரேமதாச மைதானத்தில், எங்கள் மாகாணம் சாம்பியன். பெரட்டுக்களத்தில் வெடி போட்டோம். அடுத்த ஆண்டு தொடரே நடக்கவில்லை. அணிக்காரர்கள் வங்கி உத்தரவாதம் கொடுக்கவில்லை என்றார்கள். நெக்ஸ்ட் என்றால் அடுத்தது என்று பொருளாம். அடுத்தது வரவில்லை.

2020இல் லங்கா பிரிமியர் லீக் வந்தது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். உள்ளூர் தேசிய சூப்பர் லீக்கிலும் அதே ஐந்து பெயர். ஊவா இல்லை. யாழ்ப்பாணத்தின் பெயரில் நாலு கிண்ணம் வந்துவிட்டது, ஒரு பந்துகூட யாழ்ப்பாணத்தில் வீசப்படவில்லை; அவர்களும் எங்கள் கட்சிதான். முதல்தரப் போட்டிப் பட்டியலில் ‘பதுரலிய’ என்ற கழகப் பெயரைப் பதுளை என்று வாசித்து ஒரு வாரம் சந்தோசமாகத் திரிந்த மச்சான் ஒருவன் எங்கள் லயத்தில் இருந்தான். அது களுத்துறைப் பக்கம் என்று அவனிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கிரிக்கெட் சபைக்காரர்களே, மட்டை வேண்டாம், மைதானம் வேண்டாம், 4.52 சதவீதத்தில் பங்கும் வேண்டாம். 2012இல் ஊவா வென்ற அந்தக் கிண்ணம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் தேடிப் பாருங்கள். ஒரே ஒரு நாள் பசறை வழியாக மடுல்சீமைக்குக் கொண்டு வந்து காட்டிவிட்டு எடுத்துப் போங்கள். பஸ் காசை நாங்கள் தருகிறோம்.