முன்கூட்டியே மறந்தவர்

கே: பிரிட்டனில் லேபர் ஆட்சிதானே நடக்கிறது? பிறகு இடதுசாரிகளுக்கு ஏன் இத்தனை கோபம்?

ப: பசுமைத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 2,800 கோடி பவுண்டு என்று 2021-ல் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில் கைவிட்டார்கள். ஜெயித்த பிறகு வாக்குறுதியை மறப்பது உலக வழக்கம். லேபரை வழிநடத்திய ஸ்டார்மர் தேர்தலுக்கு முன்பே மறந்துவிட்ட நேர்மையாளர்! ஆனாலும், ஆட்சிக்கு வந்த சில நாட்களிலேயே இங்கிலாந்தில் தரைக் காற்றாலைகளுக்கு இருந்த முட்டுக்கட்டையை நீக்கினார்கள். அதற்கு ஒரு சபாஷ்.

திருநர் விஷயத்தில்தான் காற்று திசைமாறிவிட்டது. சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்றால் பிறப்புப் பாலினமே என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாகுபாட்டிலிருந்து திருநர்களுக்குப் பாதுகாப்பு தொடரும் என்றும் அதில் உண்டு. தெளிவு பிறந்ததாக அரசு மகிழ்ந்தது. எந்தக் கழிப்பறைக்குப் போவது என்ற குழப்பம் மட்டும் திருநர்களுக்கு!