பூசணிக்காய் வகுப்பு

புரட்டாசி பாதி தாண்டுவதற்குள் அபார்ட்மென்ட் குரூப்பில் மஞ்சள் மேப்பிள் இலை படம் வந்துவிட்டது. இந்த வருடம் 'ஃபால் ஃபெஸ்ட்' நடக்கப்போகிறதாம். குடும்பமும் அக்கம்பக்கமும் சேர்ந்து இலையுதிர் காலத்தை அனுபவிக்க வேண்டுமாம். அதற்காக வாசனை மெழுகுவர்த்தி செய்ய ஒரு வகுப்பு, பூசணிக்காய் செதுக்க ஒரு வகுப்பு, கட்டணம் தனி. பெங்களூர் மரங்கள் இலை கொட்டுவது தை, மாசியில்தான். செப்டம்பர், அக்டோபரில் இங்கே கொட்டுவது மழை. எங்கள் ஈஜிபுராவில் அந்த மாதங்களை அனுபவிக்கத் தேவை ஒரு ரெயின்கோட்டும் சேற்றைத் தாண்டும் கால் நீளமும். இரண்டுக்கும் வகுப்பு கிடையாது.

கட்டணம் கிடக்கட்டும். விஜயதசமிக்கு வீணை, கிட்டார், ஜும்பா என்று சேர்ந்து தீபாவளிக்குள் கழன்றுகொள்கிற நமக்கு வகுப்பின் ஆயுள் தெரியாதா என்ன? என் வீட்டுப் பரணே சாட்சி. அண்டை அயலாரைச் சேர்த்து வைக்க வகுப்பு தேவையில்லை என்பதே என் கட்சி. அந்த வேலையைக் கொலு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. தமிழர் வீட்டில் கொலு, கன்னடர் வீட்டில் பொம்பே ஹப்பா, தெலுங்கர் வீட்டில் பொம்மல கொலுவு. ஒரு கதவில் சுண்டல், அடுத்த கதவில் உஸ்லி, அதற்கடுத்ததில் குக்கிள்ளு. ஊறியது அதே கடலை. கைவேலையும் அதற்குள்ளேயே அடக்கம். தட்டில் மண் பரப்பிக் கடுகு தூவினால் மூன்றாம் நாள் புல்வெளி, கண்ணாடித் துண்டு வைத்தால் குளம். ஈஜிபுராப் பிள்ளைகள் அந்தக் கொலுப் பார்க்கில் மேம்பாலமும் கட்டலாம். 2017-ல் வேலை தொடங்கி வருடக்கணக்கில் பாதியில் நின்ற நம் மேம்பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களாயிற்றே, வெறும் தூண்களை நட்டு நிறுத்திவிட்டால் தத்ரூபமாக இருக்கும்.

கொலு எல்லோருக்கும் உரியதில்லையே, பொதுவாக ஒன்று வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத மேப்பிள் இலை அதனாலேயே எல்லோருக்கும் பொதுவாகிவிடாது. பக்கத்து விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமைதோறும் எல்லா மதத்தாரும் போகிறார்கள். யாரும் பதிவுப் படிவம் நீட்டியதில்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: ஒன்பது நாளும் சுண்டல் வேகவைக்கும் பெண்களுக்கு மெழுகுவர்த்தி வகுப்பாவது இரண்டு மணி நேர விடுதலை. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் குக்கரை ஆண்களிடம் கொடுங்கள், என்னையும் சேர்த்து. வகுப்பு முடிந்து வருகிறவருக்கும் அன்றைய கடலை அடுப்படியில் காத்துக்கொண்டுதானே இருக்கிறது?

பூசணி விஷயம்தான் பொறுக்கவில்லை. இந்த ஊருக்கா பூசணிக்காய் சொல்லிக்கொடுப்பது? ஆயுத பூஜைக்கு முன்பே கே.ஆர். மார்க்கெட்டில் சாம்பல் பூசணி மலையாகக் குவிகிறது. ஆட்டோவுக்கு ஒன்று, டெம்போவுக்கு ஒன்று, மளிகைக்கடைக்கு ஒன்று, கண்ணாடிக் கதவு போட்ட சாஃப்ட்வேர் ஆபீஸுக்கும் ஒன்று. மேலே சதுரமாக வெட்டி எடுத்து, குங்குமத்தைக் கொட்டி, சில்லறை போட்டு, வெட்டிய துண்டாலேயே மூடி, கற்பூரம் ஏற்றி, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி, நடுரோட்டில் ஓங்கி ஒரு போடு! அமெரிக்கர் பூசணிக்குள் விளக்கு வைக்கிறார்கள், நாம் மேலே கற்பூரம் வைக்கிறோம். வெட்டுவதில் அவர்களுக்கு நாம் இளைத்தவர்களில்லை. வகுப்பெடுக்க வருகிறவர் தெருமுனை மெக்கானிக்கிடம் ஒரு நாள் உட்கார்ந்தால் அவருக்கே தொழில் படியும். உடைத்த பிறகுதான் வம்பு. வண்டிக்காரரின் திருஷ்டி கழிந்துவிடும். பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரருக்கு அது போய்ச் சேரும். சிவந்த சதை, வழுக்கும் விதை, அதன்மேல் சாயங்கால மழை. அவர் விழுந்தால் அவருக்கு ஏதோ திருஷ்டி என்று அடுத்த வருடம் அவரும் ஒரு பூசணி வாங்குவார். மார்க்கெட் இப்படித்தான் பெருகுகிறது.

ஆகவே பூசணி உடைக்கும் பெருமக்களே, துண்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வண்டியை எடுங்கள். சிதறிய சில்லறையைப் பொறுக்க மட்டும் குனியத் தெரிகிறதல்லவா?