பெருக்கல் வாய்பாட்டில் ஒரு சந்தை

இணையதளத்தின் முகவரியாகிய டொமைன் பெயரை ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கட்டிப் பதிவுசெய்து வைத்திருந்து, அது இல்லாமல் தன் வணிகமே நடவாது என்று நம்பத் தொடங்கிவிட்ட ஒருவரிடம் பன்மடங்கு விலைக்குக் கைமாற்றுவதே மறுவிற்பனைச் சந்தை எனப்படுகிறது. இதன் அளவை மதிப்பிட முனைவோர், நேம்பயோ போன்ற தளங்கள் திரட்டும் விற்பனைப் பட்டியலை முதலில் கூட்டுகின்றனர்; விலையை வெளியிடுவதில்லை என்று இரு தரப்பும் ஒப்பந்தம் எழுதிக்கொண்ட பேரங்கள் அதில் ஏறுவதில்லை என்பதால், கூட்டுத்தொகையை ஓர் எண்ணால் பெருக்குகின்றனர். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று வினவுவது நாகரிகமன்று.

2019-இல் வாய்ஸ்.காம் 3 கோடி டாலருக்கு விலைபோனதை உலகம் அறிந்ததற்குக் காரணம், விற்ற மைக்ரோஸ்ட்ராட்டஜி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்து, வருவாயை அறிவிக்க வேண்டியிருந்ததே. தனியார் கையில் இருந்திருந்தால் அதுவும் பெருக்கலுக்குள் புதைந்திருக்கும். 2010-இல் 3.56 கோடி டாலருக்குக் கைமாறிய இன்சூரன்ஸ்.காமோ தளத்தையும் தொழில்நுட்பத்தையும் உடன் அழைத்துக்கொண்டு சென்றது. ஆயினும் விலையுயர்ந்த பெயர்களின் பட்டியல்களில் மணமகளின் பெயர் மட்டுமே இடம்பெறுகிறது, சீர்வரிசை விடுபட்டுவிடுகிறது. மேலும், விற்காமல் கிடக்கும் எண்ணற்ற பெயர்களுக்கு உரிமையாளர்கள் மனத்தில் வைத்திருக்கும் விலையையும் சேர்த்தால் சந்தை எந்த நாட்டின் பொருளாதாரத்தையும் மிஞ்சிவிடும். இம்மதிப்பீடுகளை ஆர்வத்துடன் மேற்கோள் காட்டுவோரில் விற்பனைத் தொகையில் விழுக்காடு பெறும் தரகர்களும் உளர் என்பது, எண் ஏன் ஒருபோதும் சிறுத்துவிடுவதில்லை என்பதை ஓரளவு விளக்கக்கூடும்.