பூசை செல்லுமா, மாமா?

ஏல மருமவனே, கேட்டதை இன்னொரு மட்டம் கேளு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு. கேள்வி ருசியா இருக்கேன்னு சொல்லுதேன். "ஞாயித்துக்கெழமை எம்புட்டு நேரம் வரைக்கும் பிந்தி வந்தா பூசை செல்லும், மாமா?" அப்படித்தான கேட்ட?

40 வருசம் இந்த ஊருக்கு உபதேசியாரா இருந்து மணி அடிச்சிருக்கேன். எம்புட்டு நேரம் முந்தி வரலாம்னு ஒரு பய கேட்டதில்ல.

ஒங்க தாத்தாகிட்ட இதுக்குப் பதில் இருந்துச்சு. பழைய சாமிமாரு ஒரு கணக்கு வச்சிருந்தாவ. பாத்திரத்து மேல போத்தின துணிய சாமி எடுக்கதுக்கு முன்னால உள்ள காலை வச்சுட்டா அற்பப் பாவம், அதுக்குப் பொறவு வந்தா சாவான பாவம். ஒங்க தாத்தா பூசையில அந்தத் துணியத் தவிர வேற எதையும் பாத்ததில்ல. பிரசங்கம் முடியுத மட்டும் புளியமரத்து மூட்டுல உக்காந்து வெத்தலை. ஜன்னல்கிட்ட ஒரு சின்னப்பயல நிறுத்தி வச்சிருப்பாரு. அவன் கையக் காட்டினா வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள வருவாரு. அந்தச் சின்னப்பய நான்தான். வாரத்துக்கு ஒரு கடலமிட்டாய் சம்பளம்.

இப்ப அந்தக் கணக்கு எடுபடாது. வாசகமும் பலியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின ஒரே வழிபாடுன்னு வத்திக்கான் சங்கம் 1963-ல எழுதி வச்சிருச்சு. இத்தனாவது நிமிசம் வரைக்கும் செல்லும்னு சட்டத்துல ஒரு வரி கிடையாது. எழுதி வச்சா நீ சரியா அந்த நிமிசத்துக்குத்தான் வருவேன்னு அங்க எவருக்கோ தெரிஞ்சிருக்கு.

சரி, பிந்தித்தான் வருவேன்னா அதையாவது மொறையா வா. நற்செய்தி வாசிக்கும்போது நடு வழியில 'டக் டக்'னு நடந்து முன் பெஞ்சுக்குப் போவாத. கதவுகிட்டயே நின்னு, எல்லாரும் உக்காரும்போது நீயும் பைய உக்காரு. ஆம்பளைங்க பக்கத்துல கடைசித் தூணு இருக்கு பாரு, அது நல்ல தூணு. பிந்தி வந்தவன சாமி கண்ணுக்குக் காட்டாது. ஆனா நம்ம பெரியத்தை உக்காருத இடத்துலேர்ந்து நல்லாத் தெரியும். சாமி ஒருவேளை மன்னிச்சிருவாவ.

இன்னொண்ணு. போன வாரம் நன்மை வாங்க வரும்போது கையில பைக் சாவி. கையில வாங்குததுன்னா, இடது கை மேல, வலது கை கீழ, சிம்மாசனம் மாதிரி. வாங்கினதும் ஒரு எட்டு ஒதுங்கி அங்கயே நின்னு உட்கொள்ளணும். நீ சாவிய விரல்ல மாட்டிக்கிட்டு, அப்பத்த வாயில போட்டுக்கிட்டு, அப்படியே வாசலுக்குப் போற. கடைசி ஆசீர்வாதத்த யாருக்கு விட்டுட்டுப் போற? வேப்பமரத்துக்கா?

டீக்கதைக்கு வாரேன். "ஒரு கிளாஸ் டீ குடிச்சிட்டேன், நன்மை வாங்கலாமா?"ன்னு ஒவ்வொரு வாரமும் கோயில் வாசல்ல கேக்க. எங்க அம்மை காலத்துல ராத்திரி 12 மணிக்கு மேல பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. காலையில பல்லு வெளக்கும்போது ஒரு மடக்கு உள்ள போயிட்டுன்னு அழுதுக்கிட்டே பெஞ்சுலயே இருந்துட்டா ஒரு நாள். பொறவு பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1953-ல தண்ணிய விட்டாவ, 1957-ல 3 மணி நேரம்னு கொறச்சாவ. ஆறாம் சின்னப்பர் 1964-ல ஒரே மணி நேரமாக்கிட்டாவ. தண்ணியும் மருந்தும் எப்பவும் குடிக்கலாம். வயசாளிக்கும் சீக்காளிக்கும் அவங்களப் பாத்துக்கிடுதவங்களுக்கும் அந்த ஒரு மணி நேரமும் இல்ல. அதனால நான் சுக்குக்காப்பி குடிக்கேன், நீ பாத்துக்கிட்டு இரு.

இந்த ஒரு மணி நேரத்த எங்கேர்ந்து எண்ணுததுன்னு தெரியுமா? பூசை தொடங்குத நேரத்துலேர்ந்து இல்ல, நன்மை வாங்குத நேரத்துலேர்ந்து பின்னால எண்ணணும். நம்ம சாமியார் பிரசங்கம் அரைமணிக்குக் கொறையாது. மூணாம் மணி அடிக்கும்போது கடைசி மடக்கு டீயக் குடிச்சிட்டு உள்ள வந்தாலும் நோன்பு முடிஞ்சிரும். நீளப் பிரசங்கத்துக்கும் ஒரு புண்ணியம் இருக்கு. இத நான் சொன்னேன்னு அவியகிட்ட சொல்லிராத.

தவக்காலத்துல ஒம் பொண்டாட்டி கேட்டாளாம், மாமாவுக்கு நோன்பு உண்டான்னு. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒரு நேரம்தான் வயிறு நிறையச் சாப்பாடு. அது 18 வயசுலேர்ந்து 59 முடியுத மட்டும். எனக்கு 78. ஒனக்கு 32. கணக்குப் புரியுதா? ஆனா கறி விலக்குதது 14 வயசுல தொடங்கும், அதுக்கு முடிவு கிடையாது. அந்த மட்டுல நானும் ஒன்னோடதான். நீ மட்டும் என்ன செய்த? கறிக்கொழம்ப விட்டுட்டு முழுச் சீலா மீன வாங்கிப் பொரிச்ச. மீன் கறியில்லதான், சட்டம் ஒம் பக்கம். வாசம் என் வீடு வரைக்கும் வந்துச்சு. துண்டு வரல.

பட்டணத்துலேர்ந்து வந்த ஒம் மச்சினன் கேட்டான், இங்க முட்டுக்கால் போடாம கைகூப்பிக் குனியுதாவளே, இது மொறையான்னு. மொறைதான். இந்திய ஆயர்கள் கேட்டு, 1969 ஏப்ரல் 25-ல ரோமாபுரி 12 காரியத்துக்கு அனுமதி குடுத்துச்சு. செருப்பக் கழத்திட்டு உள்ள போறது, தரையில சம்மணம் போடுதது, முட்டுக்கால் போடுததுக்குப் பதிலாக் கைகூப்பிக் குனிஞ்சு கும்பிடுதது, சமாதானத்துக்கும் அதே கும்பிடு, மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, ஆரத்தின்னு போவுது அந்தப் பட்டியல். எங்க பாட்டி அந்த அனுமதிக்கு ரொம்ப முன்னாலயே வெறுங்காலோடத்தான் கோயிலுக்குப் போனா. அவளுக்குச் செருப்பே கிடையாது.

எங்க உக்காரணும்னு மட்டும் கேக்காத. அந்தக் கேள்வியால நம்ம பக்கத்துல ஒரு கோயிலே ரெண்டாச்சு. வடக்கன்குளத்துல ரெண்டு சாதிக்கும் ரெண்டு கூடம், பீடத்துகிட்ட வந்து கூடுத மாதிரி, கால்சட்டைக் கணக்காக் கட்டினாவ. நடுவுல தடுப்பு. 1910-ல சாமிமாரு அத இடிச்சாவ. தடுப்பு வேணும்னு ஒரு சாதிக்காரங்க சென்னை ஐகோர்ட்டு வரைக்கும் போய்த் தோத்தாவ. ஒரே அப்பத்த வாங்கத்தான் ஐகோர்ட்டுக்கு நடந்திருக்காவ. இதுல எனக்கு நையாண்டி வரல, அடுத்ததுக்குப் போவோம்.

தாத்தாவுக்குப் பூசை ஒப்புக்குடுத்த. அன்னைக்கு இன்னும் பத்துப் பேரு கருத்தையும் சேத்து வாசிச்சாவ. "தாத்தாவுக்குப் பதினொண்ணுல ஒரு பங்குதானா?"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. ஒரு காணிக்கைக்கு ஒரு பூசைங்கதுதான் சட்டம். கூட்டுக் கருத்துக்கு 1991-ல ரோமாபுரி கட்டுப்பாடு வச்சுச்சு. குடுத்தவங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கணும், சாமியார் ஒரு காணிக்கைய மட்டுந்தான் எடுத்துக்கிடலாம். தனிப்பூசை வேணும்னா தனியாக் கேளு, குடுப்பாவ. காசே இல்லாதவனுக்கும் சாமிமாரு பூசை வைக்கணும்னு திருச்சபைச் சட்டப்புஸ்தகம் பலமாப் பரிந்துரைக்குது. ஒனக்கு வருத்தம் பங்கு கொறஞ்சதுல இல்ல, மருமவனே. மைக்குல தாத்தா பேரத் தப்பா வாசிச்சதுல.

புள்ளைக்கு ஞானஸ்நானத்துக்குத் துபாய்க்காரன ஞானத்தகப்பனா வைக்கணுங்க. அவனுக்கு 16 வயசு ஆயிட்டு, சரி. உறுதிப்பூசுதல் வாங்கினானா? அத மொதல்ல கேளு, பொறவு புள்ளைக்குப் போடுத சங்கிலி எத்தனை பவுன்னு கேளு. சங்கிலி போடணும்னு எந்தச் சட்டத்துலயும் நான் பாத்ததில்ல.

கடைசியா ஒண்ணு கேட்டியே, சனிக்கெழமை சாயங்காலப் பூசை ஞாயித்துக்கெழமைக்குச் செல்லுமான்னு. செல்லும். ஆனா சனிக்கெழமை சாயங்காலம் ஒனக்குக் கபடி, கருக்கல்ல வேற சோலி. அதனால ஞாயித்துக்கெழமைதான் வரணும்.

நாளைக்கு ஆறு மணிப் பூசை. மொத மணி அஞ்சரைக்கு. எனக்கு முட்டுவலி, நடக்க முடியல. வண்டியில பெட்ரோல் போட்டு வச்சிக்க. அஞ்சே முக்காலுக்கு வாசல்ல நிப்பேன், வந்து ஏத்திக்கிட்டுப் போ.