நடுமடிப்பியல்: 'அகிரா' தொகுதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கட்சுஹிரோ ஒட்டோமோவின் ஜப்பானியச் சித்திரக்கதையான 'அகிரா'வில் அணுகுண்டு அச்சத்தைக் கண்டவர்கள் உண்டு. இளைஞர் கலகத்தைக் கண்டவர்கள் உண்டு. கதாநாயகன் கனேடாவின் சிவப்பு மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தவர்களுக்கோ கணக்கில்லை. அந்தப் புத்தகத்தின் பைண்டிங்கை மட்டும் அறிவுலகம் ஏறெடுத்தும் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இடைவெளி எதையும் நிரப்பாத கட்டுரைக்குப் பதவி உயர்வுப் புள்ளி கிடையாது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முதலில் வரலாற்றுப் பின்னணி. 'அகிரா' 1982 டிசம்பர் முதல் 1990 ஜூன் வரை கோடான்ஷா நிறுவனத்தின் 'யங் மேகஸின்' இதழில் தொடராக வந்தது. பிறகு ஆறு தடித்த தொகுதிகளாயிற்று. மொத்தம் 2,000 பக்கங்களுக்கு மேல். தொடர் முடியுமுன்பே, 1988இல், ஒட்டோமோவே அதைத் திரைப்படமாக்கினார். எல்லாரும் அறிந்த சங்கதிதான். ஆனால் எல்லாரும் அறிந்ததை முதல் இயலில் எழுதினால்தான் அது ஆய்வேடு.

இனி வகைப்பாடு. புத்தக வடிவ நோக்கில் 'அகிரா' மூவகைப்படும்.

முதல் வகை, இதழில் வந்தது. மட்டரகத் தாள், படித்தார்கள், எறிந்தார்கள்.

இரண்டாம் வகை, கண்ணாடிப் பதிப்பு. மார்வெலின் எபிக் பிரிவு 1988 முதல் 1995 வரை இதை 38 இதழ்களாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஸ்டீவ் ஓலிஃப் கணினியில் வண்ணம் தீட்டினார். ஜப்பானியர் சித்திரக்கதையை வலமிருந்து இடமாகப் படிப்பவர்கள். அமெரிக்கருக்கு அது ஒத்துவராது என்று பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி அச்சிட்டார்கள். விளைவாக, வலக்கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொண்ட, கனேடாவின் நண்பன் டெட்சுவோவுக்கு ஆங்கிலத்தில் போனது இடக்கை. ஓர் அறுவை சிகிச்சையும் இன்றிக் கை மாறிய இந்த அதிசயத்தைத் தமிழ் ஒப்பிலக்கியத் துறைகள் இன்னும் கண்டுகொள்ளாதது வியப்பே. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யைப் பக்கத்தில் வைத்தால் முந்நூறு பக்க ஆய்வேடு தயார். அதில் இருநூற்றைம்பது பக்கம் பின்னிணைப்பு.

மூன்றாம் வகை, பெட்டிப் பதிப்பு. 2017இல் வந்த 35ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பு ஆறு தொகுதிகளையும் கெட்டி அட்டையில், மூலத்தைப் போலவே வலமிருந்து இடமாக, ஜப்பானிய ஒலிக்குறிப்புகளை அழிக்காமல் தந்தது. 2018இல் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதுகள் இரண்டைப் பெற்றது. அவற்றுள் ஒன்று நூல் வடிவமைப்புக்கு. டெட்சுவோவின் உலோகக் கையும் வலப்பக்கத்துக்கே திரும்பியது.

இங்கேதான் இவ்வாய்வின் உயிர்நாடியான நடுமடிப்புச் சிக்கல் எழுகிறது. ஒட்டோமோ நகரம் இடிவதை இரண்டு பக்கம் பரக்க வரைபவர். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனிக் கோடு. அத்தகைய படத்தின் நட்ட நடுவில் புத்தகத்தின் முதுகு வருகிறது. பசை பைண்டிங்கில் பாரங்களின், அதாவது மடித்த தாள்கட்டுகளின், மடிப்பைச் சீவித் தள்ளி, தாள்களைத் தனித்தனியாக முதுகில் ஒட்டுவார்கள். தடித்த புத்தகம் அப்போது முழுக்க விரியாது. நான்கு மாடிக் கட்டடம் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும். கதையில் சிறுவன் அகிரா தொடங்கிய அழிவை பைண்டர் முடித்துவைக்கிறார்.

இதற்குத் தீர்வு யாது? அறிஞரிடையே மூன்று கட்சி. தொண்ணூறு டிகிரிக்கு மேல் விரிக்கலாகாது, கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்க்க வேண்டும் என்பர் விரியார். முதுகு படக்கென்று ஒலிக்கும்வரை அழுத்துக, அவ்வொலியும் ஒலிக்குறிப்பே என்பர் விரிப்பார். ஒன்று படிக்க, ஒன்று பிரிக்காமல் அலமாரியில் வைக்க என இரண்டு பிரதி வாங்குக என்பர் மூன்றாமவர். இவர்கள் வீட்டில் இக்கொள்கைக்கு ஆதரவில்லை.

விரியார் தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவது, கரையான் அரித்த சுவடி ஒன்றின் அரிக்கப்பட்ட பகுதியை. விரிப்பார் காட்டுவதோ, அச்சேறாத ஓர் உரைநூலுக்கு எழுதப்படாத ஓர் உரையின் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு. அதன் ஒரே பிரதி, ஒரு முதுபெரும் பேராசிரியர் இரவல் வாங்கிப்போன அன்றே வரலாறாகிவிட்டது. அதைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர். ஆயினும் பதினொரு ஆய்வேடுகள் அதை மேற்கோள் காட்டுகின்றன, அச்சுப்பிழை உட்பட ஒன்றுபோலவே. நடுமடிப்புக்குள் போன கட்டடங்கள் உண்மையில் உண்டா, இல்லையா என்ற வினாவுக்கு அப்பதினொன்றும் தரும் விடை: மேலாய்வுக்கு உரியது.

தாளின் தடிமன், மணம், மை விரலில் ஒட்டுவது ஆகியன விரிவஞ்சி விடப்பட்டன.

முடிவாக ஒரு வேண்டுகோள். தொகுதியைக் கையில் எடுத்தால் விலையைப் பார்க்குமுன் முதுகின் மேல்நுனியை உற்றுப் பாருங்கள். மடித்த சிறு சிறு கட்டுகள் வரிசையாகத் தெரிந்து, கட்டின் நடுவில் நூலோடியிருந்தால் அது தையல் பைண்டிங்; பயப்படாமல் விரிக்கலாம். ஒரே தட்டையாகப் பசை மட்டும் தெரிந்தால் இரட்டைப் பக்கப் படம் ஒன்றைக் கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். பெட்டியாக வருபவை பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைக்குள் பொதிந்து வருவதால், அவற்றுக்கு மட்டும் இந்தச் சோதனையைப் பணம் கட்டிய பிறகுதான் செய்ய முடியும்.