கூரைமேல் ஒரு மாப்பிள்ளை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள ஆர்வி பூங்காக்கள் குளிர்காலத்தில் நிரம்பி வழியும். வடக்கத்திப் பனிக்குப் பயந்த ஓய்வூதியக்காரர்கள், படுக்கையும் அடுப்படியும் கழிவறையும் அடங்கிய ஆர்வி வண்டிகளோடு வந்து இறங்குவார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் மூட்டை கட்டிவிடுவார்கள். கட்டாமல் தங்கிவிடும் சிலரில் ஒருவர்தான் நம் கதாநாயகர். அரைக்கால் சட்டை, கையில் நெற்றிக்கு நேரே நீட்டும் ரகத் தெர்மாமீட்டர். கூரை ஏசியில் காற்று உள்ளே போகும் சல்லடையைப் பார்த்து ஒரு முறை அழுத்துவார்: 29 டிகிரி. குளிர்காற்று வரும் வாயைப் பார்த்து இன்னொரு முறை: 18. வித்தியாசம் 11 என்றால் முகம் மலரும். ஏழு என்றால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவார், பிறகு ஏணியைத் தேடுவார். அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மனிதரின் கிறுக்குகளில் முக்கால்வாசிக்கு இயற்பியல் ஆதரவு இருக்கிறது என்பது என் கட்சி.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆர்விக்குக் கிடைப்பது 120 வோல்ட்டில் 30 ஆம்ப், அதாவது 3,600 வாட். கூரையில் இருப்பது 13,500 பிடியு ஏசி. நம் ஊர்க் கணக்கில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். அது ஓடும்போது சுமார் 14 ஆம்ப் குடிக்கும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். மைக்ரோவேவ் ஒரு 12, வெந்நீர்க் கொதிகலன் இன்னொரு 12. மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். ஆகவே தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைபோல் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஏசியின் மனம் கோணாமல் குடும்பம் நடக்கிறது. மனைவி காபியைச் சுடவைக்க அனுமதி கேட்கிறார். குளிக்கப் போகிறவர் முன்கூட்டியே அறிவிக்கிறார். பிற்பகலில் பூங்கா முழுக்க ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும். 104க்குக் கீழே போனால் கம்ப்ரசருக்குக் கேடு என்று காவல் கருவி இணைப்பைத் துண்டித்துவிடும். தன் பிபியை மாதம் ஒரு முறை பார்க்கிறவர் அந்த எண்ணை மணிக்கொரு முறை பார்க்கிறார்.

இவ்வளவு பாடுபடுவதைவிடப் பெரிய ஏசியாக மாட்டித் தொலைக்கலாமே என்பார்கள். 30 ஆம்ப் இணைப்பில் இரண்டாவது ஏசிக்கு இடமில்லை. 50 ஆம்ப் வண்டி என்றால் 12,000 வாட் கிடைக்கும், அது வேறு விலை. மேலும் குறை ஏசியில் இல்லை, சுவரில் இருக்கிறது. பல வண்டிகளில் சுவரின் கனம் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. உள்ளே இருக்கும் காற்றையே ஏசி சுழற்றிச் சுழற்றிக் குளிர்விக்கிறது. வெயில் உள்ளே கொட்டும் வேகம் அது வெளியே தள்ளும் வேகத்தை மிஞ்சினால் தோல்விதான். அதனால்தான் அவர் ஜன்னலுக்கெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டுகிறார், கூரையில் 14 அங்குலச் சதுரக் காற்றுத்துளையில் மெத்தைத் துண்டை அடைக்கிறார், மேற்குப் பக்கம் துணிப் பந்தலை விரிக்கிறார். பாலைவனத்தின் அழகைப் பார்க்க வந்தவர் நண்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான். ஆனாலும் உள்ளே நுழைந்த வெயிலைத் துரத்துவதைவிட வாசலிலேயே மறிப்பது மலிவு. வெறும் சொகுசு என்று ஒதுக்கவும் முடியாது. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரியைத் தொட்டது, அல்லது தாண்டியது. அந்த நாட்களில் மின்சாரம் போன வண்டிக்குள் அடைத்துவைத்த நாய் பிழைப்பதே அரிது.

சரி, மீதிக் கால்வாசிக் கிறுக்கு எது? இத்தனை கருவிகளையும் கவனிக்கிறவர், வண்டிக்கு அடியில் சக்கரம் இருப்பதை மறந்துவிட்டார். ஃபீனிக்ஸ் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே மாநிலத்து ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டரில். இடைப்பட்ட தூரம் சுமார் 230 கிலோமீட்டர், நல்ல நெடுஞ்சாலை. மாத வாடகையை முன்பணமாகக் கட்டியாயிற்று என்பார். போகும் வழியில் கூரை ஏசி ஓடாதே என்பார். மேலே கோடையில் இடம் கிடைப்பது கஷ்டம் என்பார். இது ஒன்றுதான் உருப்படியான காரணம், அதற்கும் மார்ச்சிலேயே பதிவு செய்திருக்கலாம். கட்டிய வாடகை போனால் போகிறது. வழியில் மூன்று மணி நேரம் வேர்த்தால், மூன்று மாத வேர்வை மிச்சம். ஜூலையில் ஃபீனிக்ஸின் சராசரிப் பகல் உச்சம் 41 டிகிரி. ஃபிளாக்ஸ்டாஃபில் அது 28. இரவில் போர்வை வேண்டும்.